ஓடிபி வராமலே போகும் பணம்

ஓடிபி வந்திருக்காது. யாரும் போன் செய்து பேசியிருக்க மாட்டார்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போடும்போதுதான் 10,000 ரூபாய் குறைந்திருப்பது தெரியவரும். இந்தத் திருட்டுக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

ஏடிஎம் இல்லாத ஊர்களுக்காக வந்த ஏற்பாடு ஏ.இ.பி.எஸ்., அதாவது ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்துப் பணம் எடுக்கும் முறை. வங்கி முகவரின் கருவியில் விரலை வைத்தால், கார்டோ பின் நம்பரோ இல்லாமல் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். முதியோர் பென்ஷன் வாங்குபவர்களுக்கு இது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை.

ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்பதைக் கருவி குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு ஆதார் ஆணையத்தின் சர்வருக்குப் போய், ஏற்கெனவே உள்ள பதிவோடு ஒப்பிடப்படுகிறது. போதிய அளவு ஒத்துப்போனால் ‘ஆம்’ என்று பதில் வரும். கோடுகள் தோலில் இருக்கின்றனவா, சிலிக்கோன் ரப்பரில் வார்த்தவையா என்பதை இந்த ஒப்பீடு மட்டும் கண்டுபிடிக்காது. அதனால்தான் 2023 பிப்ரவரியில், விரலின் முழுப் படத்தையும் பார்த்து உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையை ஆணையம் சேர்த்தது.

சரி, ரேகை எங்கே கிடைக்கிறது? கிரயப் பத்திரத்தில்! பெருவிரல் ரேகையும் ஆதார் எண்ணும் ஒரே ஆவணத்தில் இருந்தால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? 2018-ல் தெலங்கானாவில் சிம் விற்ற ஒருவர், பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கருவியில் வார்த்தார் என்று பிடிபட்டார்.

இதற்கு நம் கையில் இருக்கும் பூட்டு, ஆதார் ஆணையத்தின் செயலியிலும் இணையதளத்திலும் உள்ள பயோமெட்ரிக் லாக். பூட்டியபின் அசல் விரலை வைத்தாலும் கருவி ஏற்காது. ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டியிருந்தால் அப்போதைக்குத் திறந்துகொள்ளலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பூட்டவும் திறக்கவும் ஆதாரில் பதிவான மொபைல் நம்பர் தேவை. வீட்டுப் பெரியவர்கள் பலரின் ஆதாரில் என்றோ கைவிட்ட பழைய நம்பர்தான் இருக்கும். முதலில் ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் அதை மாற்றிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கியிலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு கிடையாது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து அந்த நாட்கள் எண்ணப்படும். அம்மா அப்பாவின் கணக்குக்கு எஸ்எம்எஸ் எந்த நம்பருக்குப் போகிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.