பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு: யார் எழுத வேண்டும், எதற்குள் எழுத வேண்டும்?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், எந்த ஆண்டு பணியில் சேர்ந்திருந்தாலும், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழகத்தில் இருந்தும் மகாராஷ்டிரத்தில் இருந்தும் சென்ற வழக்குகளில்தான் இது சொல்லப்பட்டது. அன்றிலிருந்து ஆசிரியர் அறைகளில் குழப்பம் தீரவில்லை. "எல்லாருக்கும் வேலை போய்விடும்" என்கிறார் ஒருவர். "பழைய ஆட்களுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. தீர்ப்பு ஆசிரியர்களைப் பிரித்துப் பார்க்கிறது. நாம் எந்தப் பிரிவில் வருகிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

முதலில் இந்தத் தேர்வு வந்த வழி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை மத்திய அரசு அங்கீகரிக்கும் கல்வி அமைப்பு வரையறுக்க வேண்டும் என்கிறது அதன் 23ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் வந்தது. குழுமம் 2010 ஆகஸ்ட் 23இல் வெளியிட்ட அறிவிக்கையில், பட்டயமோ பட்டமோ மட்டும் போதாது, தகுதித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும் என்றது. தமிழக அரசு 2011 நவம்பரில் ஆணை பிறப்பித்துத் தேர்வு நடத்தும் வேலையை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம் கொடுத்தது.

2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறுதேர்வு நடத்த வேண்டியிருந்தது. இந்தத் தேர்வின் மீது இன்றும் இருக்கும் அச்சத்துக்கு அந்த முதல் அனுபவம் ஒரு காரணம். இன்றைய தேர்வை அதை வைத்து எடைபோடக் கூடாது.

இப்போதைய சிக்கல் 2010 அறிவிக்கையிலேயே தொடங்கிவிட்டது. அறிவிக்கைக்கு முன்பு முறையான தகுதியோடு நியமிக்கப்பட்டவர்கள் புதிய தகுதிகளைப் பெற வேண்டியதில்லை என்று அதில் ஒரு பத்தி இருந்தது. அதை நம்பித்தான் மூத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஜூனில், 2011 ஜூலை 29க்கு முன்பு நியமிக்கப்பட்டவர்கள் தேர்வு எழுதாமலேயே பணியில் தொடரலாம், ஆண்டு ஊதிய உயர்வும் பெறலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையில் 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியிருந்தது. 2015 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, குறைந்தபட்சத் தகுதி இல்லாத ஒவ்வோர் ஆசிரியரும் நான்கு ஆண்டுகளுக்குள் அதைப் பெற வேண்டும் என்பது அந்தத் திருத்தம். அந்தக் கெடு 2019 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. "குறைந்தபட்சத் தகுதி" என்பதில் தகுதித் தேர்வும் அடங்கும், முன்பே சேர்ந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் இப்போது சொல்லியிருக்கிறது.

சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்து அறிவிப்பவர் அதற்குத் தகுந்தவராக இருக்க வேண்டும் என்பது அந்தக் குழந்தையின் உரிமை. ஆனால் அறிவிக்கை ஒன்று சொல்ல, திருத்தம் இன்னொன்று சொல்ல, அந்த முரண்பாட்டைத் தெளிவாக்கி ஆசிரியர்களிடம் உரிய காலத்தில் கொண்டுசேர்த்திருக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல் விட்டதன் சுமை முழுவதும் இன்று ஐம்பது வயது ஆசிரியரின் தோளில் இறங்கியிருக்கிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி கணக்கு. 2025 செப்டம்பர் 1 அன்று உங்களுக்கு ஓய்வு பெற எத்தனை ஆண்டுகள் மீதம் இருந்தன என்று பாருங்கள். தமிழக அரசுப் பள்ளியில் ஓய்வு வயது 60. ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தவர்கள் தேர்வு எழுதாமலேயே ஓய்வு பெறும்வரை தொடரலாம். இந்தச் சலுகையை உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திக் கொடுத்தது. எடுத்துக்காட்டாக, 1968 ஜூனில் பிறந்தவர் 2028 ஜூனில் ஓய்வு பெறுவார், அவர் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவருக்கும் பதவி உயர்வு வேண்டுமானால் தேர்வில் தேறியே ஆக வேண்டும்.

1975 மார்ச்சில் பிறந்தவரின் நிலை வேறு. அவர் 2035 வரை பணியில் இருப்பார். தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2027 செப்டம்பர் தொடங்குவதற்குள், அவர் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பித்திருப்பதோ தேர்வு எழுதியிருப்பதோ போதாது. முடிவு வெளிவரவும் காலம் பிடிக்கும் என்பதால் கடைசி வாய்ப்பை நம்பி இருப்பது ஆபத்து. ஐந்து ஆண்டு எல்லையை ஒட்டி நிற்பவர்கள் பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்து, ஓய்வு பெறும் நாளை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு மாத வேறுபாடுகூட உங்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இப்போதைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருந்தது. அது சரிதானா என்ற ஐயத்தை எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு இந்தத் தீர்ப்பு அனுப்பியிருக்கிறது. மற்ற உதவிபெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் தீர்ப்பின் வரம்புக்குள்தான் வருகின்றன.

எந்தத் தாள் எழுதுவது என்பதிலும் தெளிவு வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியருக்குத் தாள் 1. ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியருக்குத் தாள் 2. பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வை எதிர்பார்க்கும் இடைநிலை ஆசிரியர் தாள் 2ஐயும் முடிக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இந்தத் தேர்வு இல்லை. இரண்டு தாளுக்கும் 150 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. தாள் 1இல் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்துக்கும் தலா 30 கேள்விகள். தாள் 2இல் முதல் மூன்றும் அப்படியே இருக்க, மீதி 60 கேள்விகள் கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். பல ஆண்டுகள் ஒரே பாடத்தை நடத்தியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் தம் பாடத்துக்கு வெளியே உள்ள பகுதிகளில்தான். படிக்கத் தொடங்கும்போது முதலில் குழந்தை மேம்பாட்டைக் கையில் எடுங்கள். வகுப்பறை அனுபவம் உள்ளவருக்கு அதுதான் சீக்கிரம் வசப்படும்.

தேர்ச்சிக்குப் பொதுப்பிரிவினர் 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் எடுக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசு தளர்வு தரலாம். தமிழக அரசு 2014இல் அதை 55 சதவீதமாகக் குறைத்தது. நீங்கள் எழுதும் தேர்வுக்கு என்ன அளவு என்பதை அந்த முறை வாரியம் வெளியிடும் அறிவிக்கையில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப் செய்திகளில் வேண்டாம். முன்பே தேறியவர்களுக்கு இன்னொரு செய்தி: சான்றிதழ் ஏழு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்ற பழைய விதி 2021இல் நீக்கப்பட்டது. 2011 முதல் பெற்ற சான்றிதழ்கள் எல்லாம் வாழ்நாள் முழுவதும் செல்லும். 2012இலோ 2013இலோ தேறியவர் மறுபடி எழுத வேண்டியதில்லை.

பணிக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு இது வேறு கதை. 2018 முதல் தமிழகத்தில் தகுதித் தேர்வில் தேறியவர் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டியிருக்கிறது. தகுதிச் சான்றிதழ் வேலைக்கான உத்தரவாதம் ஆகாது.

தமிழக அரசு இந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சீராய்வு மனு தாக்கல் செய்தது. பணியில் இருப்பவர்களுக்கென்று சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்தவும் முடிவெடுத்தது. மனு நிலுவையில் இருப்பதாலேயே இரண்டு ஆண்டுக் கெடு நின்றுவிடாது. நீதிமன்றம் தடை விதித்தாலோ கெடுவை மாற்றினாலோ ஒழிய, நாட்காட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கெடுவுக்குள் தேற முடியாமல் போனால் பணியைவிட்டு விலக வேண்டும் அல்லது கட்டாய ஓய்வு அளிக்கப்படலாம். அப்போதும் உரிய ஓய்வுக்காலப் பலன்கள் உண்டு என்று தீர்ப்பு சொல்கிறது, அவற்றுக்கு விதிகள் கோரும் தகுதிப் பணிக்காலம் நிறைவடைந்திருக்க வேண்டும். அதில் குறை இருப்பவர்கள் துறைக்கு விண்ணப்பித்தால் அவர்களின் கோரிக்கையைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இடம் விடப்பட்டிருக்கிறது. இந்த வரி பலருக்குத் தெரியாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.