பனையில் கொட்டிய தேள், தென்னையில் கட்டிய நெறி

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு மாணவி கேட்டாள்: "திப்புவுக்கும் வெள்ளைக்காரனுக்கும் நம் ஊரில் என்ன சண்டை, சார்?"

நான் கணக்கு வாத்தியார். வரலாற்று ஆசிரியர் அன்று விடுப்பு. "நம் ஊரில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை கேரளத்தில் ஒரு மதில் சுவரில் ஆரம்பித்தது" என்றேன். அவள் நம்பவில்லை. இங்கிருந்து அந்த மதிலுக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல்.

நடந்தது இதுதான். 1784-இல் மங்களூரில் திப்பு சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதில் திருவிதாங்கூர் அரசர் கம்பெனியின் நண்பர் என்று எழுதப்பட்டிருந்தது. 1789-இல் அதே திருவிதாங்கூர், கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்ற இரண்டு கோட்டைகளை டச்சுக்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அவை தனக்குக் கப்பம் கட்டும் கொச்சியின் மண்ணில் நிற்பவை, விற்க அவன் யார், வாங்க நீ யார் என்று திப்பு சீறினார். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் நெடுங்கோட்டை என்னும் திருவிதாங்கூரின் எல்லை மதிலைத் தாக்கினார். முதல் தாக்குதல் பலிக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் மதில் உடைந்தது.

கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அதைத் தன்மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டார். 1790-இல் மராத்தியரையும் ஹைதராபாத் நிஜாமையும் சேர்த்துக்கொண்டு முத்தரப்புக் கூட்டணி கட்டினார். 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் விழுந்தன. அக்டோபர் கடைசியில் பென்னாகரம். நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற அதிகாரியின் படை இந்தக் கிருஷ்ணகிரி மலைமேல் ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் திப்பு கொடுக்க ஒப்புக்கொண்டார். படையால் பிடிக்க முடியாத கோட்டை, பாரமகால் என்ற இந்தச் சுற்றுவட்டாரத்தோடு சேர்ந்து காகிதத்தில் கைமாறியது.

நெடுங்கோட்டை இல்லாவிட்டால் வேறு சாக்கு கிடைத்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். திப்புவும் கம்பெனியும் ஒருவரையொருவர் நம்பியதே இல்லை. ஆனால் சண்டை எந்த வழியாக நடந்து வந்தது என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டும் என்பார்களே, அந்த வழி.

அந்த வழியை நான் முதலில் பார்த்தது எந்தப் புத்தகத்திலும் அல்ல, பாலக்கோடு பக்கத்தில் என் சித்தப்பாவின் கம்பி வேலியில். வேலிகூட அவருடையது இல்லை, அவர் மச்சானுடையது. மச்சானுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் எல்லைக்கல் விஷயத்தில் நெடுநாள் மனத்தாங்கல். வாயளவில்தான் இருந்தது. ஒருநாள் மச்சான் கல்லை ஒரு முழம் தள்ளி நட்டுக் கம்பியும் இழுத்துவிட்டார். தனியாளாக இருந்திருந்தால் அவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. பின்னால் சித்தப்பாவும் அவருடைய பங்காளிகள் நான்கு பேரும் இருக்கிறார்கள் என்ற தெம்பு. மறுநாள் விடிவதற்குள் கம்பி அறுபட்டுக் கிடந்தது. மச்சானிடமிருந்து ஆள் வந்தது.

சித்தப்பாவுக்குப் போக விருப்பமே இல்லை. கல்லைத் தள்ளி நட்டது தப்பு என்று அவருக்கே தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டே சித்தியிடம் சொன்னார்: "இன்றைக்கு நான் போகவில்லை என்றால், நாளைக்கு நம் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டு வருவார்கள்?"

அந்த ஒரு வாக்கியத்தில் சர்வதேச அரசியலின் ஒரு கோட்பாடே அடங்கியிருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கிளென் ஸ்னைடர் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் அதை எழுதினார். கூட்டணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு அச்சங்கள் உண்டு. தேவைப்படும்போது நண்பன் கைவிட்டுவிடுவானோ என்பது ஒன்று. நண்பனுடைய சண்டைக்குள் நாம் இழுக்கப்பட்டுவிடுவோமோ என்பது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது வளரும். மச்சானை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று உறுதி சொன்னால், அவர் கல்லைத் தள்ளி நடுவார். உறுதி சொல்லாமல் இழுத்தடித்தால், சீர் வராது. என்னைக் கேட்டால், பகைவன்மேல் உள்ள வெறுப்பைக் காட்டிலும் நண்பன் போய்விடுவானோ என்ற பயமே பல போர்களை மூட்டியிருக்கிறது.

சரி, யார் யாரோடு சேர்வார்கள்? இதற்குக் கணக்கு இருக்கிறது. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரையுங்கள். மூன்று மூலைகள், மூன்று பேர். நட்பு என்றால் அந்தக் கோட்டின்மேல் கூட்டல் குறி, பகை என்றால் கழித்தல் குறி. மூன்று குறிகளையும் பெருக்குங்கள். விடை கூட்டல் என்றால் முக்கோணம் நிலையானது, கழித்தல் என்றால் நிலையற்றது. 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்பது, கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதேதான். நிலையற்ற முக்கோணத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் வகுப்பில் உடனே கை தூக்குவார்கள். எனக்கு இரண்டு சிநேகிதிகள், அவர்கள் இருவருக்கும் ஆகாது. கூட்டல், கூட்டல், கழித்தல். இப்படி நெடுநாள் இருக்க முடியாது. இருவரையும் சமாதானப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தியை விட வேண்டும்.

மனித உறவுகளைப் பற்றி இந்த எண்ணத்தை 1946-இல் முன்வைத்தவர் உளவியலாளர் ஃப்ரிட்ஸ் ஹைடர். ஃப்ராங்க் ஹராரி என்ற கணிதவியலாளர் அதிலிருந்து ஒரு தேற்றத்தை நிறுவினார். கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பராகவோ பகைவராகவோ இருந்து, எல்லா முக்கோணங்களும் நிலையாக அமைந்துவிட்டால், இரண்டே முடிவுகள்தான் சாத்தியம். ஒன்று, அனைவரும் நண்பர்கள். இல்லையேல், கூட்டம் சரியாக இரண்டு கட்சிகளாகப் பிளந்திருக்கும். மூன்று கட்சிக்கு இடமே இல்லை. முதல் தடவை இந்த நிறுவலைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் குளிர் எடுத்தது. முக்கோணம் முக்கோணமாக மனக்கசப்பைச் சரிசெய்துகொண்டே போனவர்கள், கடைசியில் எதிரெதிரே வரிசை கட்டி நிற்கிறார்கள். அப்படி நிற்க வேண்டும் என்று அவர்களில் யாரும் திட்டமிட்டிருக்கத் தேவையில்லை.

ஐரோப்பாவில் முதல் உலகப் போருக்கு முந்தைய நாற்பது ஆண்டுகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2006-இல் மூன்று இயற்பியலாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையிலும் இதே எடுத்துக்காட்டு வருகிறது. 1873-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா ஆகிய மூன்று பேரரசுகளும் கைகோத்தன. ஆனால் பால்கன் பகுதி யாருக்கு என்பதில் ஆஸ்திரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் ஒத்துவரவில்லை. கூட்டல், கூட்டல், கழித்தல். நடுவில் மாட்டிக்கொண்டது ஜெர்மனி. ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1887-இல் ரஷ்யாவோடு ரகசிய உடன்படிக்கை செய்து அந்த முக்கோணத்துக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். 1890-இல் அவர் பதவி இழந்தார், உடன்படிக்கை புதுப்பிக்கப்படவில்லை. தனித்து நின்ற ரஷ்யா 1894-க்குள் பிரான்சோடு சேர்ந்துவிட்டது. பிரான்ஸ் 1904-இல் பிரிட்டனோடு நட்பானது. பிரிட்டனும் ரஷ்யாவுமோ மத்திய ஆசியாவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பழைய எதிரிகள். மறுபடியும் கூட்டல், கூட்டல், கழித்தல். 1907-இல் பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் மூன்றிலும் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டு அந்தக் கழித்தலையும் அழித்தார்கள். எல்லா முக்கோணங்களும் நிலையாகிவிட்டன. ஐரோப்பா இரண்டாகிவிட்டது.

முக்கோணம் யார் எங்கே நிற்பார்கள் என்று சொல்லும். எப்போது அடித்துக்கொள்வார்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அங்கே மறுபடி என் சித்தப்பாவின் சட்டைதான் வர வேண்டும். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, அதைத் தண்டிக்க ஆஸ்திரியா ஜெர்மனியின் ஆதரவைக் கேட்டது. ஜூலை 5 அன்று ஜெர்மானியப் பேரரசர் கொடுத்த வாக்குறுதியை, தொகை எழுதாத காசோலை என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஏன் கொடுத்தார்? ஆஸ்திரியாவை விட்டால் நம்பத்தக்க வேறு நண்பன் ஜெர்மனிக்கு இல்லை. காசோலை கையில் இருந்ததால் ஆஸ்திரியா துணிந்து கல்லைத் தள்ளி நட்டது, செர்பியாமேல் போர் தொடுத்தது. ரஷ்யா 1909-இல், ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்ட விவகாரத்தில் செர்பியாவைக் கைவிட்டுத் தலைகுனிந்திருந்தது, இன்னொரு முறை முடியாது என்று ஜூலை 30 அன்று முழுப்படையையும் திரட்ட உத்தரவிட்டது. பிரான்சால் ரஷ்யாவை விட முடியவில்லை. இரண்டு பக்கமும் பகை கொண்ட ஜெர்மனியின் போர்த்திட்டமோ, ரஷ்யா மெதுவாகத்தான் படை திரட்டும், அதற்குள் பிரான்சை முடித்துவிடலாம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ரஷ்யா திரட்டத் தொடங்கியதும் அந்தக் கணக்குக்கு நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது. பெல்கிய எல்லைக்குள் ஜெர்மானியப் படை நுழைந்த ஆகஸ்ட் 4 அன்று, பெல்கியத்தின் நடுநிலையைக் காப்போம் என்ற 1839-ஆம் ஆண்டின் ஒரு பழைய உடன்படிக்கையைக் காட்டி பிரிட்டனும் இறங்கியது. கொலை நடந்து 37 நாட்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1790-இன் கூட்டணியில் கம்பெனி, மராத்தியர், நிஜாம் மூவரையும் ஒட்டவைத்த பசை திப்பு ஒருவர்தான். அவர் பலம் பாதியானதும் பசை காய்ந்தது. 1795-இல் கர்டா என்ற இடத்தில் மராத்தியர் நிஜாமைத் தோற்கடித்தார்கள். இருவருக்கும் நண்பனான கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கைவிடப்பட்ட நிஜாம் பிரெஞ்சு அதிகாரிகள் நடத்திய படைப்பிரிவுகளில் பாதுகாப்பைத் தேடினார். பிறகு 1798-இல் அவற்றைக் கலைத்துவிட்டுக் கம்பெனியின் நிழலுக்குள் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தார். 1799-இல் திப்பு இறந்தார். 1803-இல் கம்பெனியும் மராத்தியத் தலைவர்களும் நேருக்கு நேர் மோதினார்கள். இந்தக் கடைசிப் போர் 1790-இலேயே முக்கோணத்துக்குள் இருந்தது என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன். வரலாற்று ஆசிரியருக்கு இதில் உடன்பாடில்லை.

தருமபுரிக்காரர்களுக்கு இது இன்னும் பழைய கதை. இன்றைய தருமபுரியான தகடூரின் அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவலூரை வென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். கோவலூரோ மலையமான் காரியின் ஊர். அந்தக் காரி வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்மேல் வந்தான். 'அதிகமானோடு இருபெரு வேந்தரையும் உடனிலை வென்று' என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்கிறது. அந்த இருவர் சோழரும் பாண்டியரும் என்பார்கள். தங்களுக்குள் ஓயாமல் மோதிக்கொண்ட இரண்டு பெருவேந்தர்கள், ஒரு குறுநில மன்னனின் கோட்டைக்காக ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள். அதியமான்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த வரி நினைவுக்கு வரும்.

அப்படியானால் கூட்டணியே போருக்கு விதையா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. குடை பிடித்தவர்களைப் பார்த்து, குடையால்தான் மழை வந்தது என்று சொல்வது போல ஆகிவிடும். போர் வரும் போலத் தெரிவதால்தான் நாடுகள் கூட்டுச் சேர்கின்றன. உடன்படிக்கைகளின் வாசகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்த பிரெட் ஆஷ்லி லீட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் காட்டியது பயனுள்ள வேறுபாடு. 'உன்னை அடித்தால் நான் வருவேன்' என்று மட்டும் சொல்லும் தற்காப்பு உடன்படிக்கைகள், அடிக்க நினைப்பவனைத் தயங்கவைக்கின்றன. 'நீ அடித்தாலும் நான் வருவேன்', 'நீ அடிக்கும்போது நான் குறுக்கே வரமாட்டேன்' என்பவையே சண்டையை வளர்க்கின்றன. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜென்மப் பகைவர்களான ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்டது இந்தக் கடைசி வகை. ஒன்பதாம் நாள் போலந்துக்குள் ஜெர்மானியப் படை நுழைந்தது. அதே லீட்ஸ் தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்ட இன்னொன்று: போர் வந்தபோது நாடுகள் கொடுத்த வாக்கை ஏறத்தாழ நான்கில் மூன்று முறை காப்பாற்றியிருக்கின்றன. காப்பாற்றாத கணக்கில், ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கூட்டில் இருந்த 1914-இன் இத்தாலியையும் சேர்த்துவிட முடியாது. எங்கள் உடன்படிக்கை தற்காப்புக்கு, முதலில் அடித்தது ஆஸ்திரியா என்று வாசகத்தைக் காட்டி அது ஒதுங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது வேறு விஷயம்.

சித்தப்பாவின் உடன்படிக்கையில் வாசகம் ஏதும் இல்லை. அன்றைக்கு மச்சான் காட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது பேர் கூடினார்கள். அவர்களில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இரண்டே பேர். ஒருவருக்குக் கை முறிந்தது, அவர் அந்த இரண்டு பேரில் ஒருவர் இல்லை. வழக்கு ஆறு ஆண்டு நடந்தது. நான்காம் ஆண்டுக் கோடையில் கிணறுகள் வற்றியபோது, மச்சானும் பக்கத்துக் காட்டுக்காரரும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு எல்லையிலேயே ஆழ்துளைக் கிணறு இறக்கினார்கள். கல் பிடுங்கப்பட்ட குழிக்கு இரண்டடி தள்ளி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு, வாய்தா தேதிகளில் காலை ஏழு மணிப் பஸ்ஸைப் பிடித்துத் தருமபுரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.