ஒரு மில்லிமீட்டர் கணக்கு: பழைய லென்ஸ் எந்தக் கேமராவில் வேலை செய்யும்?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸ் ஒன்று வாங்கினேன். வீட்டில் சும்மா கிடந்த நிக்கான் டி3100-இல் அடாப்டர் வளையம் போட்டு மாட்டினேன். மூன்று மீட்டருக்குள் படம் அள்ளுகிறது. அதைத் தாண்டினால் எல்லாம் மங்கல். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் கோயில் கோபுரம் தெளியவில்லை. கெட்டுப்போன லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்களா?"

இல்லை, லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு 1.04 மில்லிமீட்டரில் இருக்கிறது. பழைய லென்ஸ் வாங்கப்போகும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பிராண்டு, மெகாபிக்சல், 'போக்கே' என்கிற பின்னணி மங்கலின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளியில் படித்ததுதான்: தொலைதூரப் பொருளின் பிம்பம் குவிலென்ஸின் குவியத்தில் விழும். பொருள் நெருங்க நெருங்கப் பிம்பம் பின்னால் தள்ளிப்போகும். சென்சாரை நகர்த்த முடியாது என்பதால் லென்ஸை முன்னே நகர்த்துகிறோம். தூரத்துக் கோபுரத்துக்கு, அதாவது முடிவிலிக்கு, லென்ஸ் முழுக்க உள்ளே வந்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு தடை இருக்கும். அதற்குமேல் வளையம் திரும்பாது.

அந்தத் தடையை எங்கே வைப்பது என்பதை லென்ஸ் செய்பவர் கேமராவை நம்பித்தான் முடிவு செய்கிறார். லென்ஸை மாட்டும் இடமான மவுண்டின் உலோக முகத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரை உள்ள இடைவெளிக்கு ஃபிளாஞ்ச் தூரம் என்று பெயர். ஒவ்வொரு மவுண்டுக்கும் இது மாறாத எண். 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரி இடைவெளியும் கொண்ட எம்42 திருகு மவுண்ட், 1949-இல் டிரெஸ்டனில் இருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவியது. அதன் தூரம் 45.46 மி.மீ. 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5. ஹீலியோஸ் எதிர்பார்ப்பதைவிட நிக்கானின் சென்சார் 1.04 மி.மீ. பின்னால் இருக்கிறது. அடாப்டர் வளையம் தன் பங்குக்கு எந்தத் தடிமனும் சேர்க்காமல் உட்கார்ந்தாலும், லென்ஸ் எப்போதும் 1.04 மி.மீ. முன்னால் நகர்த்தி வைத்ததுபோலத்தான் நிற்கும்.

வெறும் ஒரு மில்லிமீட்டர் எப்படிக் கோபுரத்தையே விழுங்கியது? நியூட்டன் தந்த லென்ஸ் சூத்திரம் இதை ஒரே வரியில் சொல்லிவிடும். குவியத்தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, அதிகப்படியான இடைவெளியால் வகுத்தால், எவ்வளவு தூரம் வரை ஃபோகஸ் எட்டும் என்பது கிடைக்கும் (லென்ஸின் முன்குவியத்திலிருந்து அளக்க வேண்டும்). ஹீலியோஸின் குவியத்தூரம் 58 மி.மீ. 58 × 58 = 3364. அதை 1.04-ஆல் வகுத்தால் 3235 மி.மீ. வாசகர் தம் கண்ணாலேயே அளந்து சொன்ன மூன்று மீட்டர் இதுதான்!

இந்தச் சூத்திரத்தில் வர்க்கம் செய்யும் வேலை அழகானது. அதே 1.04 மி.மீ. பிழையோடு 135 மி.மீ. டெலி லென்ஸை மாட்டினால் 17.5 மீட்டர் வரை எட்டும். கல்யாண மண்டபத்தில் மேடைப் படம் எடுக்க அது தாராளம். 28 மி.மீ. அகலக்கோண லென்ஸை மாட்டினால் 75 சென்டிமீட்டர்தான், அதற்கு அப்பால் உலகமே கிடையாது. நிலக்காட்சிக்கென்று வாங்கிய லென்ஸ் பூவை மட்டும் எடுக்கும். "என் நிக்கானில் எம்42 டெலி லென்ஸ் பரவாயில்லையே" என்று ஒருவரும் "சுத்தமாக உதவாது" என்று இன்னொருவரும் சொன்னால், இருவர் சொல்வதும் உண்மைதான்.

சென்சார் முன்னால் இருந்தால் பிரச்சினையே இல்லை. இடைவெளியை உலோகத்தால் நிரப்பிவிடலாம். 1987-இல் வந்த கேனன் இஎஃப் மவுண்டுக்கு 44 மி.மீ. 45.46-இல் 44 போக 1.46. அந்தத் தடிமனில் ஒரு வளையம் போட்டால் எம்42 லென்ஸ் முடிவிலி வரை சுத்தமாக எட்டும். வளையத்தின் விலை சில நூறு ரூபாய்தான். சோனி இ மவுண்டுக்கு வெறும் 18 மி.மீ. அதற்கான அடாப்டர் 27.46 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி இல்லை, காற்றுதான். பிரதிபலிக்கும் கண்ணாடியைத் தூக்கியெறிந்த மிர்ரர்லெஸ் கேமராக்களில் ஏறக்குறைய எந்தப் பழைய எஸ்எல்ஆர் (அந்தக் கண்ணாடி வைத்த கேமரா) லென்ஸும் ஏறுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

மற்ற எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிம்பஸ் ஓஎம் 46, பென்டாக்ஸ் கே 45.46, மினோல்டா எஸ்ஆர் 43.5, கேனன் எஃப்டி 42. முதல் இரண்டும் கேனன் இஎஃப் பாடியில் ஏறும், பின்னிரண்டும் ஏறாது. கேனனின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸ் கேனன் டிஜிட்டல் எஸ்எல்ஆரில் உதவாது, அன்றைய போட்டியாளர் ஒலிம்பஸின் லென்ஸ் உதவும்! மினோல்டா, எஃப்டி லென்ஸ்கள் இதனால்தான் வெகுகாலம் மலிவாகக் கிடைத்தன. மிர்ரர்லெஸ் வைத்திருப்பவர்கள் முதலில் தேட வேண்டியவையும் அவைதான்.

நிக்கானுக்குக் கண்ணாடி வைத்த அடாப்டரும் விற்கிறார்கள். உள்ளே இருக்கும் சின்னக் குழிலென்ஸ் பிம்பத்தைப் பின்னே தள்ளிவிடும். கோபுரம் தெரியும், ஆனால் லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்தால் படத்தின்மேல் பால் ஊற்றியதுபோல ஒரு படலம் வரும். நல்ல லென்ஸுக்குப் பின்னால் மட்டமான லென்ஸைச் செருகுவது வீண்செலவு. அந்தப் பணத்தை நிக்கானின் சொந்தப் பழைய லென்ஸுக்குப் போடலாம். டி40, டி3100 போன்ற பாடிகளில் 1977-க்கு முந்தைய, 'ஏஐ' (அப்பர்ச்சர் எண்ணைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் அமைப்பு) இல்லாத லென்ஸ்கள்கூடச் சேதமில்லாமல் ஏறும். அதையே டி200, டி7000-இல் மாட்டினால் மவுண்ட் ஓரத்திலுள்ள சிறு நெம்பு உடைந்துவிடும். டி3100-இல் இவற்றுக்கு ஒளி அளவீடு கிடைக்காது. 'எம்' (மேனுவல்) நிலையில் வைத்து, ஒரு படம் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அடாப்டரின் துல்லியம் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு வளையம் 0.1 மி.மீ. தடித்துவிட்டது என்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். மங்கல் எவ்வளவு என்பதை எஃப் எண் (குவியத்தூரத்தை அப்பர்ச்சரின் விட்டத்தால் வகுத்த எண்) தீர்மானிக்கும். பிழையை எஃப் எண்ணால் வகுத்தால் மங்கல் புள்ளியின் அகலம் வரும். எஃப்/2-இல் 0.05 மி.மீ. 16 மெகாபிக்சல் சோனி நெக்ஸ்-5என் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4.8 மைக்ரான், ஆகவே பத்துப் பிக்சல் அகலத்துக்கு மங்கும். எஃப்/8-இல் இரண்டரைப் பிக்சல்தான், பெரும்பாலும் கண்ணில் படாது. 2005-இல் வந்த கேனன் 5டி-யின் பிக்சல் 8.2 மைக்ரான். அது இன்னும் பெருந்தன்மையாக மன்னிக்கும். பழைய 12.8 மெகாபிக்சல் பாடியும் பழைய லென்ஸும் ஒத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடாப்டரைச் சோதிப்பது எளிது. இரவில் தொலைவிலுள்ள ஒற்றை விளக்கை லைவ் வியூவில் (சென்சார் காண்பதைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும் வசதி) பெரிதாக்கி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஃபோகஸ் வளையத்தைப் பக்கத்திலிருந்து முடிவிலி நோக்கி மெல்லத் திருப்புங்கள். விளக்கு சிறு புள்ளியாகி, தடையைத் தொடுவதற்குள் மறுபடி கொஞ்சம் விரிந்தால் வளையம் சற்று மெல்லியது. அது நல்லதே. லென்ஸ்மேல் எழுதியிருக்கும் தூர அளவு மட்டும் பொய் சொல்லும். தடையைத் தொட்டும் விளக்கு சுருங்கிக்கொண்டே இருந்தால் வளையம் தடித்தது, திருப்பிக் கொடுங்கள். உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்தால் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து, படத்தின் இடதுபுறம் தெளிவாகவும் வலதுபுறம் மங்கலாகவும் வந்து நிற்கும்.

கேனன் 5டி-யில் வேறொரு தொல்லை உண்டு. அதன் உள்ளே இருக்கும் பெரிய பிரதிபலிப்புக் கண்ணாடி மேலெழும்போது, முடிவிலியில் பின்பக்கம் துருத்தும் சில 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்களின் விளிம்பில் தட்டிவிடும். கேமரா பிழை காட்டி நின்றால் பதறாமல் ஃபோகஸ் வளையத்தைப் பக்கத் தூரத்துக்குத் திருப்புங்கள், கண்ணாடி விடுபடும். சிறிய சென்சார் கொண்ட பாடிகளில் கண்ணாடியும் சிறியது என்பதால் இந்தச் சிக்கல் அபூர்வம்.

எம்42 லென்ஸ் சிலவற்றின் பின்னால் ஒரு சிறு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் இதழ்கள் மூடும். லென்ஸில் 'ஏ/எம்' விசை இருந்தால் 'எம்' பக்கம் தள்ளிவிட்டால் போதும். விசை இல்லாவிட்டால் ஊசியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வளையத்தை எஃப்/8-இல் வைத்தாலும் லென்ஸ் எஃப்/2-இலேயே இருக்கும். ஹீலியோஸ் 44-2-க்கு இந்த வம்பே இல்லை. அது இரட்டை வளையத்தில் கையால் மூடும் வகை.

ஃபோகஸ் செய்ய எஸ்எல்ஆரின் வியூஃபைண்டரை நம்பாதீர்கள். தானியங்கி ஃபோகஸ் காலத்தில் வந்த திரைகள் பிரகாசத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. ஏறக்குறைய எஃப்/2.8-ஐ விட அகலமான ஒளிக்கூம்பை அவை கண்ணுக்குக் காட்டுவதே இல்லை. சந்தேகம் இருந்தால், கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடி எஃப்/1.4-இலிருந்து எஃப்/2.8 வரை வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே வரும் ஒளி நாலில் ஒன்றாகக் குறைந்தும் திரையின் வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த முகம் படத்தில் மங்குவது இதனால்தான். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்ப்பதே உத்தமம். நெக்ஸ் வகையறாவில் ஓரங்களில் நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் வசதி உண்டு. ஆனால் அது பக்கத்துப் பிக்சல்களின் வெளிச்ச வித்தியாசத்தைத்தான் தேடுகிறது. வழவழப்பான கன்னத்தில் ஒன்றும் காட்டாது, இமை முடியில் காட்டும். அங்கேயே ஃபோகஸ் பிடியுங்கள். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் முதலில் இயக்க மறக்காதீர்கள். மின்தொடர்பு இல்லாத லென்ஸை இந்தக் கேமராக்கள் லென்ஸாகவே மதிப்பதில்லை.

இனி இரண்டு மூடநம்பிக்கைகள். பழைய சிசிடி சென்சாருக்குத் தனி 'பிலிம் நிறம்' உண்டு என்று யாரோ ஒளிபரப்ப, குப்பையில் கிடந்த கேமராக்களுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. சிசிடியோ, இன்றைய கேமராக்களில் உள்ள சிமாஸோ, இரண்டும் சிலிக்கான்தான். ஒளியை எண்ணுமே தவிர, நிறம் அதற்குத் தெரியாது. 1976-இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற நிறவடிகட்டி அடுக்கும், அதன் பிறகு ஓடும் மென்பொருளும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த நிறம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், சிசிடி என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று, பூஞ்சை வராமலிருக்க லென்ஸை அரிசிக்குள் புதைப்பது. அரிசி ஈரத்தை உறிஞ்சுவதில் மகா மந்தம், மாவுத்தூளைத் தருவதில் வள்ளல். காற்றுப் புகாத டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி ஆகியவற்றை வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தினால் போதும். வாங்கும்போது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. துடைத்தால் போகலாம், ஆனால் அதன் அமிலம் அரித்த கோட்டிங் திரும்பாது. ஒட்டிய கண்ணாடிகளின் ஓரத்தில் வானவில் தெரிந்தால் பசை விட்டுவிட்டது, வேண்டாம். தூசு இரண்டு மூன்று இருந்தால் கவலையில்லை, அதைக் காட்டியே பேரம் பேசலாம்.

விளக்கு அடிக்கும்போது கண்ணாடி டீ நிறத்தில் தெரிந்தால் மிரள வேண்டாம். சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சிலவற்றில் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தத் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் இருக்கும் அதே தோரியம்தான். அதன் கதிர்வீச்சு பல ஆண்டுகளாகக் கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களைப் பெயர்த்து, குறைபாடுள்ள இடங்களில் சிக்கவைக்கிறது. சிக்கிய எலக்ட்ரான்கள் நீல ஒளியை விழுங்குவதால் மஞ்சள் ஏறுகிறது. லென்ஸைக் கண்ணிமையோடு ஒட்டவைத்து உருப்பெருக்கியாகப் பயன்படுத்தாமலும், உடைத்துத் தூளைச் சுவாசிக்காமலும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. டிஜிட்டலில் ஒயிட் பேலன்ஸ் மாற்றினாலே நிறம் சரியாகிவிடும். ஒளி இழப்பும் உறுத்தினால், அப்பர்ச்சரைத் திறந்து, முன்பக்கம் அலுமினியத் தாள் சுற்றி, பின்பக்கத்தில் புறஊதா எல்இடி விளக்கைச் சில நாள் எரியவிடுங்கள். சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு மஞ்சள் இறங்கும். மொட்டைமாடி வெயிலும் இதைச் செய்யும், ஆனால் நம் ஊர் வெயிலில் உள்ளிருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் படியும். போதாக்குறைக்கு அது குவிலென்ஸ், கீழே விரித்திருக்கும் துணியில் தீப்பிடிக்கும். எல்இடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.