பேங்க் வட்டி மீது கந்துவட்டிச் சட்டம் பாயுமா?

கடன் வழக்கு பார்க்கும் வக்கீல் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி இது: "சார், வட்டிக்கு கவர்மென்ட் ஒரு அளவு வெச்சிருக்குல்ல? இவங்க அதைவிட ஜாஸ்தி வாங்குறாங்க. கந்துவட்டி கேஸ் போட்டுடலாமா?" கேட்பவர் நீட்டும் நோட்டீஸைப் புரட்டினால், அனுப்பியது ஏதோ ஒரு தனியார் வங்கியாகவோ ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனியாகவோ இருக்கும். அதைப் பார்த்ததுமே என் பதில் "முடியாது" என்றாகிவிடும். ஏன் முடியாது, வேறு என்ன முடியும் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதைவிட எழுதி வைப்பது நல்லது.

முதலில் மாநிலச் சட்டங்கள். தமிழ்நாட்டில் வட்டிக்கு விடுவோருக்கான 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டும், அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அது போதாமல் 2003-ல் வந்தது, நாம் கந்துவட்டிச் சட்டம் என்று அழைக்கும் அதீத வட்டித் தடைச் சட்டம். தண்டல், மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு: கடன்காரர் அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, "என் கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யுங்கள்" என்று மனுப் போடலாம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு இந்தச் சட்டத்தின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் மீது செல்லும் என்பதுதான் தெரியவில்லை.

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது "மூணு வட்டி"க்கு விடும் தெருக்கோடிக்காரர் மீது செல்லும். வங்கி மீது செல்லாது. காரணம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. வட்டிக்கு விடும் தொழிலும் விவசாயக் கடன் நிவாரணமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984-ல் 21ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக, வங்கிக்கும் கடன்காரருக்கும் இடையிலான கணக்கை எந்த நீதிமன்றமும் மறுபடி திறக்கக் கூடாது என்கிறது அது. 1918-ஆம் ஆண்டின் கொடுவட்டிச் சட்டமோ, மாநிலங்களின் கடன் சட்டங்களோ குறுக்கே நிற்க முடியாது. இந்தப் பிரிவே செல்லாது என்று ஒரு வழக்கு போய், 2018-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. விவசாயக் கடன் நிவாரணத்துக்காக ஒரு மாநிலம் இயற்றிய சட்டம் வங்கிக் கடனையும் சேர்த்துக்கொண்டிருந்தால் மட்டும், அந்த அளவுக்கு மாநிலத்தின் கை ஓங்கும். விதிவிலக்கு குறுகியது; கார் லோனுக்கும் பர்சனல் லோனுக்கும் அது உதவாது.

ஃபைனான்ஸ் கம்பெனிகள் விஷயத்தில்தான் சண்டை நீண்டது. வங்கி அல்லாத இந்த நிறுவனங்களும் 1958-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி லைசென்ஸ் எடுக்க வேண்டும், மாநிலம் வைத்த வட்டி வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றது கேரளம்; கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. குஜராத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அந்த மாநில உயர் நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது. இரண்டையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் 2022 மே 10 அன்று முடிவு சொன்னது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 3பி அத்தியாயம் தன்னளவில் முழுமையானது. அதன்கீழ் பதிவு பெற்ற நிறுவனத்தை மாநிலத்தின் வட்டித்தொழில் சட்டம் கட்டுப்படுத்தாது. தீர்ப்பை எழுதியவர் நம் மன்னார்குடிக்காரரான நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். அடுத்த ஆண்டே, 2010-ல் ஒருங்கிணைந்த ஆந்திரா கொண்டுவந்த மைக்ரோ ஃபைனான்ஸ் சட்டம் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்கள் மீது செல்லாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கிரெடிட் கார்டு கதை இன்னும் கசப்பானது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. வங்கிகள் மேல்முறையீடு போய், 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டியைப் பற்றிய கொள்கை ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல என்பது முடிவு. பதினாறு வருஷமாக அந்த 30 சதவீதத்தை நம்பி மனு எழுதியவர்களில் என் சீனியர்கள் சிலரும் உண்டு.

சட்டமாக இது சரி என்றே நினைக்கிறேன். ஒரே கம்பெனிக்கு ஓசூரில் ஒரு வட்டி வரம்பு, அத்திப்பள்ளி தாண்டினால் இன்னொன்று என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. என் வருத்தம் வேறு. மாநிலத்தை விலக்கி வைத்த இடத்தில் ரிசர்வ் வங்கியும் ஓர் எண்ணை வைக்கவில்லை. மைக்ரோ ஃபைனான்ஸுக்கு 26 சதவீதம் என்று 2011-ல் ஒரு வரம்பு வைத்தார்கள், பிறகு மாற்றினார்கள், 2022 மார்ச்சில் எடுத்தே விட்டார்கள். "வட்டி கொடுவட்டியாக இருக்கக் கூடாது" என்ற வாக்கியம் மட்டும் மிச்சம். எத்தனை சதவீதம் தாண்டினால் கொடுவட்டி? எங்கும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் அது வெறும் எழுத்தல்ல. 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்கள் புதுக்கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. அவை வைத்த வட்டியும், கடன் வாங்கிய செலவுக்கு மேல் வைத்த லாபமும் அதிகம் என்பது முக்கியக் காரணம்.

சரி, நம் ஆள் என்ன செய்வது? "வட்டி அதிகம்" என்ற வாதத்தை மூட்டை கட்டிவிட்டு, "நீ எழுதிக் கொடுத்தபடி வாங்கினாயா, ரிசர்வ் வங்கி சொன்னபடி வாங்கினாயா" என்று கேட்க வேண்டும். 21ஏ இந்தக் கேள்வியைத் தடுக்காது. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை மீறி வாங்கிய வட்டியை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 1994-ல் கார்ப்பரேஷன் பேங்க் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. 2001-ல் சென்ட்ரல் பேங்க் எதிர் ரவீந்திரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்றார்கள்.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கலெக்டரிடம் கந்துவட்டி மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர். ஸ்டேட்மென்ட்டை வாங்கி வரச் சொன்னேன். இரண்டு டியூ தவறிய மாதத்திலிருந்து "பீனல்" என்று ஒரு தொகை விழுந்து, அடுத்த மாதம் அதுவும் பாக்கியோடு சேர்ந்து, அதன்மேல் மறுபடி வட்டி. ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி அபராத வட்டி என்பதே கிடையாது. நியாயமான அபராதக் கட்டணம் மட்டும் போடலாம், அதையும் அசலில் சேர்க்கக் கூடாது. புதுக்கடனுக்கு 2024 ஏப்ரல் முதலும் பழைய கடனுக்கு அந்த ஜூன் இறுதிக்குள்ளும் இது அமலாகிவிட்டது. தேதி வாரியாக வரிகளைக் குறித்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம் போட்டோம். சேர்த்த தொகையைத் திருப்பி வரவு வைத்தார்கள். வட்டி வீதம் ஒரு பைசா குறையவில்லை. கணக்கு மட்டும் குறைந்தது.

இன்னொரு இடம், கடன் வாங்கும் நாளிலேயே கவனிக்க வேண்டியது. ஒரு லட்சம், 12 மாதம், "12 பர்சன்ட்தான் சார்" என்பார்கள். அது ஃப்ளாட் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 9,333 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கே ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். ப்ராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் என்று 3,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 96,500-ஐக் கையில் கொடுத்தால் அதுவே 28-ஐத் தாண்டிவிடும். கட்டணங்களையும் சேர்த்த இந்த உண்மை எண்ணை ஏபிஆர் (ஆண்டு சதவீத வீதம்) என்ற பெயரில் ஒரு தாளில் காட்டியாக வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் கட்டாயம். அந்தத் தாளின் பெயர் கேஎஃப்எஸ், அதாவது முக்கிய விவரத் தாள்; அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். கடன்காரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பின்னால் போட முடியாது.

கடன் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் பெயர்ப் பலகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊர்ப்பக்கம் "ஃபைனான்ஸ்" என்று போர்டு மாட்டியவற்றில் பல, இரண்டு மூன்று பேர் கூட்டாக நடத்தும் பார்ட்னர்ஷிப். ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்று கம்பெனிகளுக்குத்தான். அது இல்லாதவர் மீது கந்துவட்டிச் சட்டம் முழு வேகத்தில் பாயும். உறுப்பினர்களிடமே டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் கொடுக்கும், நமக்குப் பழக்கமான நிதி கம்பெனிகள் தனி ரகம்: டெபாசிட்டுக்குத் தரும் அதிகபட்ச வட்டிக்கு மேல் 7.5 சதவீதம் வரைதான் கடனுக்கு வாங்கலாம், அதுவும் குறையும் அசலுக்குத்தான். ஆப் மூலம் வாங்கியிருந்தால், அதன் பின்னால் எந்த நிறுவனம் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது.

கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைனிலேயே கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதே விஷயம் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

வீட்டை அடமானம் வைத்த கடனில் சர்ஃபாசி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சட்டம்) நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும் வேறு கணக்கு. முதல் நோட்டீஸுக்கு 60 நாள்; அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளில் பதில் தர வேண்டும். சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்த பிறகு, கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். குறைதீர்ப்பாளரிடமோ கலெக்டரிடமோ மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்த 45 நாள் நின்று காத்திருக்காது.