மாஸ்டடான் சர்வரை போலீஸ் எடுத்துக்கொண்டு போனால்?

பெரிய கம்பெனியின் கண்ணில் படாமல் இருக்கலாம் என்று, ட்விட்டர் மாதிரியான மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர். சரி, போகட்டும். ஆனால் அங்கே நம் பதிவுகள் கிடப்பது ஒரு சின்னக் குழுவோ தனி ஆளோ நடத்தும் சர்வரில். அந்த ஆளின் வீட்டுக்கு சோதனை போட வந்தால்?

2023 மே மாதம் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. கோலெக்டிவா என்ற மாஸ்டடான் சர்வரின் நிர்வாகிகளில் ஒருவர் வீட்டில் எஃப்பிஐ சோதனை போட்டது. வழக்குக்கும் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் வீட்டில் இருந்த மின்னணுச் சாதனங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஏதோ கோளாறைச் சரிபார்க்க எடுத்து வைத்திருந்த சர்வரின் பேக்கப் அதில் ஒன்றில் இருந்தது. பூட்டப்படாமல், அதாவது என்கிரிப்ட் செய்யப்படாமல். பயனர்களின் மின்னஞ்சல் முகவரி, ஹாஷ் செய்த (நேரடியாக வாசிக்க முடியாதபடி மாற்றிய) பாஸ்வேர்டு, கடைசி சில நாட்களின் ஐபி முகவரிகள் (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் எண்கள்), தனிச்செய்திகள் எல்லாம் அதோடு போயின. மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது பெயருக்குத்தான் தனி. சர்வரைக் கையில் வைத்திருப்பவர் படிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டு சேமித்த தகவல்தொடர்புச் சட்டம் பெரிய கம்பெனி, சின்ன சர்வர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. புதிதாக வந்த தனிச்செய்திகளின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் நீதிபதியின் வாரண்ட் தேவை. பெயர், ஐபி முகவரி போன்றவற்றுக்கு வெறும் சம்மன் போதும் (பலருக்குத் தெரியாத விஷயம் இது). இது போக, 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொதுமக்களுக்காக வெளியிட வைத்திருக்கும் எழுத்துகளைச் சோதனை போட்டுப் பறிப்பதைக் கட்டுப்படுத்துகிறது.

இந்த இரண்டு சட்டங்களும் சேர்ந்து வேலை செய்த பழைய வழக்கு ஒன்று உண்டு. 1990 மார்ச்சில் டெக்சாஸின் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டுப் பதிப்பகத்தில் அமெரிக்க ரகசிய சேவைத் துறை (சீக்ரெட் சர்வீஸ்) சோதனை போட்டு, பதிப்பகம் நடத்திய புல்லட்டின் போர்டு (தொலைபேசி வழியாக இணைந்து செய்தி பரிமாறும் அந்தக் காலத்து வசதி) ஓடிய கணினியைத் தூக்கிப் போனது. அதில் யாரும் இன்னும் திறந்து பார்க்காத 162 மின்னஞ்சல்கள் இருந்தன. 1993இல் தீர்ப்பு பதிப்பகத்துக்குச் சாதகம்; நஷ்டஈடு 50,000 டாலருக்கு மேல். ஆனால் பாருங்கள், கணினி முதல் நாளே போய்விட்டது, தீர்ப்பு வந்தது மூன்று வருடம் கழித்து.

பெரிய கம்பெனியிடம் போலீஸ் காகிதத்தோடு போகும்; கேட்ட கணக்கின் தரவு மட்டும் பெரும்பாலும் கைமாறும். வீட்டு மேசையில் இருக்கும் டிஸ்க்கை எடுத்தால் ஊர் மொத்தத்தின் தரவும் ஒரே மூட்டையாகப் போய்விடும். வித்தியாசம் அங்கேதான்.

இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க சர்வரில் கணக்கு வைத்திருப்பவருக்கு? சுஸ்லான் காற்றாலை நிறுவனம் ஒரு இந்தியரின் ஹாட்மெயிலைக் கேட்டு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. 1986 சட்டத்தின் பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2011இல் சொல்லி, மின்னஞ்சலைத் தர மறுத்தது. அந்த வழக்கில் கேட்டது ஒரு கம்பெனி, போலீஸ் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

சர்வரில் சேரும் முன் நிர்வாகியிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: பேக்கப் என்கிரிப்ட் ஆகிறதா, ஐபி பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள். ரகசியம் பேச, செய்திகளை என்கிரிப்ட் செய்து அனுப்பும் சிக்னல் செயலி இருக்கிறது.