மனச்சோர்வு: ஒரு சொல் விளக்கம்

டிப்ரஷன் என்னும் நோய்க்குத் தமிழில் நிலைபெற்றுவரும் பெயர் மனச்சோர்வு. நாளிதழ்களில் அதே நோயை ‘மன அழுத்தம்’ என்றும் எழுதுகிறார்கள். வீடுகளிலோ ‘மனம் சரியில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறோமோ, அதைப் பொறுத்தே யாரைக் காரணம் சொல்கிறோம் என்பதும் அமைகிறது. அழுத்தம் என்றால் வெளியிலிருந்து யாரோ அழுத்துகிறார்கள். சோர்வு என்றால் அவரவரே சோர்ந்து போகிறார்கள். இந்த நோயைச் சமூகம்தான் உண்டாக்குகிறதா என்ற கேள்விக்குள் நுழையும் முன் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது அதனால்தான் அவசியமாகிறது.

டிப்ரஷனுக்கு மூலம் ‘கீழே அழுத்து’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். அந்த ஒரே சொல்லை நாம் இடத்துக்கு ஏற்றபடி வேறுவேறாக ஆக்கிக்கொண்டோம். வங்கக் கடலில் உருவாகும்போது அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியைச் சொல்லும்போது பெருமந்தம். மனத்தைப் பற்றிப் பேசும்போது சோர்வு. மூன்றுமே நல்ல தமிழாக்கங்கள்தாம்.

மேலை நாடுகளிலும் இது பழைய நோய்ப்பெயர் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே வழங்கியது மெலன்கோலியா; கிரேக்கத்தில் ‘கறுப்புப் பித்தம்’. உடலில் கறுப்புப் பித்தம் மிகுந்தால் துயரம் கவியும் என்று அவர்களுடைய பழைய மருத்துவம் நம்பியது. நம் மரபிலும் பித்தம் தலைக்கேறும். ஆனால் நாம் அதைப் பித்து, பித்தன் என்று வேறு திசையில் கொண்டுபோய்விட்டோம். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆடால்ஃப் மேயர், மெலன்கோலியாவைக் கைவிட்டு டிப்ரஷன் என்றே சொல்வோம் என 1904-ல் வாதாடினார். பழைய பெயர், நமக்குத் தெரியாத ஒரு காரணத்தைத் தெரிந்தது போலக் காட்டுகிறது என்பது அவருடைய குறை. இதே மேயர்தான் நோயாளியின் பிறப்பு, படிப்பு, வேலை, இழப்பு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரே தாளில் குறித்து வைக்கும் வாழ்க்கை அட்டவணை முறையையும் கொண்டுவந்தவர். நோய் ஒருவருடைய வாழ்க்கைக்குள்ளிருந்து எழுகிறது என்று அவர் கருதினார்.

பிற்காலத்தில் பெயர் நிலைத்தது. வாழ்க்கை அட்டவணை பின்னுக்குப் போனது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல் வெளியிட்ட கையேடு நோயை அடையாளங்களைக் கொண்டு வரையறுத்தது. தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசிக் கேடு, களைப்பு, குற்ற உணர்வு, கவனக் குறைவு, அசைவில் மந்தம் அல்லது பதற்றம், சாவு பற்றிய எண்ணம் என்று ஒன்பது அடையாளங்கள் இன்று கணக்கில் கொள்ளப்படுகின்றன. முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தம் ஐந்தாவது இரண்டு வாரம் நீடித்தால் நோய். ஏன் வந்தது என்ற கேள்விக்கு அதில் பெரிய இடமில்லை. நெருங்கியவரை அண்மையில் சாவுக்குக் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. 2013-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மருத்துவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலால் அளக்க இந்த முறை உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சமூகத்தைப் பற்றிய கேள்வி மருத்துவ அறையிலிருந்து வெளியேறிப் போனதும் இதனால்தான்.

இனி தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். வேரைப் பார்த்தால் டிப்ரஷனுக்கு நேர் மொழிபெயர்ப்பு ‘அழுத்தம்’தான். வழக்கில் அது பொருந்தவில்லை. பரீட்சை, அலுவலக வேலை, கடன் தவணை ஆகியவை தரும் நெருக்கடிக்கு, அதாவது ஸ்ட்ரெஸ்ஸுக்கு, அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. இயற்பியல் பாடநூல்கள் அந்த ஸ்ட்ரெஸ்ஸைத் ‘தகைவு’ என்று தனியே பிரித்தன. மனத்தைப் பற்றிய எழுத்தில் அந்தப் பிரிவினை நடக்கவில்லை. நெருக்கடி வேறு, நோய் வேறு. பரீட்சை முடிந்த மாலையில் நெருக்கடி இறங்கிவிடும். நோய் அப்படி இறங்காது. தவிர, பேச்சுத் தமிழில் ‘அவள் அழுத்தக்காரி’ என்றால் எதையும் வெளியே சொல்லாதவள் என்று பொருள். ஏற்கெனவே வாய் திறக்கத் தயங்கும் நோயாளிக்கு இந்தப் பெயர் ஆகாது.

சோர்வு என்பதன் வினை சோர்தல். நழுவுதல், தளர்தல், வடிதல் எல்லாம் அதற்குள் அடங்கும். கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், பிடித்த பிடி சோரும். நோயின் தன்மையை இதைவிட நன்றாகச் சொல்லும் வேர் இல்லை. குளிக்க வேண்டும் என்று தெரிகிறது, எழ முடியவில்லை; எழுந்தாலும் குளியலறை வரை நடப்பது பெரிய வேலையாகத் தெரிகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய நிழலும் உண்டு. பழந்தமிழில் சோர்வு என்பது கடமையில் நெகிழ்வது, மறப்பது. ‘தகைசான்ற சொற்காத்துச் சோர்விலாள் பெண்’ என்ற குறளில் சோர்வு ஒரு குற்றம். அந்த நிழல் இன்றும் விலகவில்லை. மனச்சோர்வு என்று மருத்துவர் எழுதித் தருவதை வீட்டில் சோம்பேறித்தனம் என்று படிக்கிறார்கள். எனவே ‘மனச்சோர்வு நோய்’ என்று நோயைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைத் தேட நாம் போக வேண்டிய இடம், தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல்.

‘இளிவே இழவே அசைவே வறுமையென
விளிவில் கொள்கை அழுகை நான்கே’

அழுகை நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்கிறது நூற்பா. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியவராவது. இழவு என்பது உற்றாரையோ உடைமையையோ இழப்பது. அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்று பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியரின் உரை சொல்லும். நான்காவது வறுமை. கவிதைக்கும் கூத்துக்கும் எழுதிய இலக்கணம் இது. நோய்க் குறிப்பேடு என்று இதை யாரும் எண்ண வேண்டாம். இருந்தாலும், இந்த நான்கில் ஒன்றுகூட ஆளின் உள்ளத்துக் குறை அன்று. நான்கும் ஒருவருக்கு நேர்பவை. பெரும்பாலும் பிறரோடு உள்ள உறவில் நேர்பவை.

ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் ஆகிய சமூக ஆய்வாளர்கள் 1970-களில் தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைச் சந்தித்து நீண்ட நேரம் பேசினார்கள். 1978-ல் நூலாக வந்த அந்த ஆய்வின்படி, நோயுற்ற பெண்களில் பெரும்பாலோருக்குச் சற்று முன்னால் பெரிய இழப்போ தீராத தொல்லையோ நேர்ந்திருந்தது. அதே அடி விழுந்தும் நோயுறாமல் இருந்தவர்கள் அதிகம். யார் விழுந்தார்கள் என்று பார்த்தபோது நான்கு நிலைமைகள் தெரிந்தன: மனம் விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல், வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேல் சிறு பிள்ளைகள், வெளியே வேலை இல்லாமை. பிரவுன் தம் குழுவினரோடு 1995-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. வெறும் இழப்பைவிட, அவமானமும் தப்பிக்க வழியில்லாத சிறைப்பட்ட நிலையும் சேரும் இடத்தில்தான் நோய் அதிகம் முளைத்தது. இழவும் இளிவும் கேம்பர்வெல்லிலும் இருந்தன.

நம் ஊரில் இது எப்படியிருக்கும்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாற்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கால் அசதி, தலை பாரம், சோறு இறங்கவில்லை, விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது என்கிறார். சத்து மாத்திரையும் ஓர் ஊசியும் கிடைக்கின்றன. வரிசையில் அடுத்தவர் அழைக்கப்படுகிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. தவணை நாளில் குழுப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், தெருவே பார்த்தது. அன்று முதல் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வறுமையும் இளிவும் ஒரே நாளில், ஒரே வாசலில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆகவே, சமூகம் காரணமா என்றால், ஆம். ஆனால் சமூகம் மட்டுமே என்றால், இல்லை. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் வந்த மதிப்பீடு, இந்நோய் வருவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு 37 விழுக்காடு என்கிறது. தைராய்டு குறைவு அச்சு அசலாக இதே அடையாளங்களைக் காட்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பின், அன்பான வீட்டிலும் இது வரும். வசதியும் மதிப்பும் உள்ளவருக்கு வந்தால் ‘உனக்கு என்ன குறை’ என்று கேட்பது கொடுமை. மறுபக்கம், வறுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமும் அன்று. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அடி சமூகத்திலிருந்து வருகிறது. எவருடைய உடல் அதைத் தாங்கும், எவருடையது தாங்காது என்பதில் பிறப்புக்கும் பங்குண்டு. விழுந்தவர் எழுவதா இல்லையா என்பதில் மறுபடியும் சுற்றியிருப்பவர்கள் வருகிறார்கள்.

மீட்சி பற்றிப் பேச எனக்குப் பிடித்த சொல் கையறவு. செயலற்றுப் போதல், கை ஓய்ந்து போதல். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்ற புறநானூற்றுப் பாட்டின் துறை கையறுநிலை. அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-ல் வெளியிட்ட சோதனையில், தப்பவே முடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்கள் பிறகு வழி திறந்திருந்தபோதும் தாண்டிக் குதிக்காமல் படுத்துக்கிடந்தன. உயிர் கையறவைக் கற்றுக்கொள்கிறது என்று அப்போது முடிவுகட்டினார்கள். 2016-ல் அவர்களே அதைத் திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பு, தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. நோயாளியைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த சிகிச்சை இந்த வழியில்தான் சென்றது. மருத்துவம் படிக்காத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஒருவருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை கொடுத்தார்கள். மனம் தெளிந்தபின் செய்யலாம் என்று காத்திராமல், முன்பு பிடித்திருந்த சிறு வேலை ஒன்றை இந்த வாரமே தொடங்கச் செய்வது அதன் முறை. 2017-ல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதத்தில் இவர்களில் 64 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ இன்னும் எளியது. மருத்துவமனை வளாகத்தில் ஒரு மர பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. டிப்ரஷன் என்ற சொல்லை அவர் உச்சரிப்பதில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார். அளவுக்கு மீறி யோசித்தல். தமிழில் விசாரம் என்ற சொல் இதே பாதையில் வந்திருக்கிறது: மூலத்தில் ஆராய்ந்து யோசித்தல், நம் வழக்கில் கவலை. பாட்டி கேட்கிறார், பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார், அதற்கு அடுத்த அடியை வந்தவரையே சொல்லவைக்கிறார். பிறகு அவர்கள் குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னியபடி பேசுகிறார்கள். மனம் விட்டுப் பேசத் துணையில்லை என்ற கேம்பர்வெல் குறைக்கு இது நேரான மருந்து.

நோய் முற்றியிருந்தால் மாத்திரை வேண்டும். அது தூக்க மாத்திரை என்று சொல்லி நிறுத்தச் சொல்லும் உறவினரை நம்ப வேண்டாம். பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும், தானாக நிறுத்தவும் கூடாது. ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று நோயாளியிடம் சொல்வதையும் விட்டுவிட வேண்டும். ஆள்வினை உடைமை அதிகாரத்தை அடுத்து, ‘அரசியல்’ என்ற பகுதியில், முயற்சியில் இறங்கியவனுக்குச் சொன்னது அந்தக் குறள். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் சொன்னால் அது இன்னொரு இளிவாகத்தான் போய்ச் சேரும். ‘சாகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அந்தக் கேள்வியே சுமையை இறக்கும். 2022 முதல் இயங்கும், இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு, இலங்கையில் 1926. நோயாளியால் எண்ணை அழுத்த முடியாத நாளில் பக்கத்தில் இருப்பவர் அழுத்திக் கொடுக்கலாம்.