நிற்பாட்டிய லைனில் எப்படிக் கறண்ட் ஒழுகும்?

இணுவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சமையலறை பிரேக்கரை நிற்பாட்டிவிட்டேன். ஆனாலும் கிணற்று மோட்டரைப் போட்டவுடன் றிப் சுவிட்ச் விழுகிறது. பழுது சமையலறையில்தான் என்கிறார் எலக்ட்ரீசியன்." மெயின் போர்ட்டை அக்கினி மூலைக்கு மாற்றினால் சரிவரும் என்று அயலில் ஒருவர் சொன்னாராம். போர்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எலக்ட்ரீசியன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

றிப் சுவிட்சுக்குள் ஒரு வளையம். கறண்ட் வரும் லைவ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்தே அதனூடாகப் போகின்றன. போன கறண்ட் அவ்வளவும் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே சுவிட்ச் விழும்.

சாதாரண பிரேக்கர் ஒற்றை முனை. வெட்டுவது லைவை மட்டும்தான். நியூட்ரல் தொடுத்தபடியே கிடக்கும். ஈரம் ஊறிய ஒரு பிளக் பேஸில் அந்த நியூட்ரல் எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். மோட்டர் ஓடுகிறது. திரும்பி வரும் கறண்டுக்கு இப்போது இரண்டு வழி: ஒன்று வளையத்தினூடாக, மற்றது சமையலறை நியூட்ரல், எர்த் கம்பி, வளவில் அடித்த றொட், மண் என்று சுற்றி டிரான்ஸ்போமரின் எர்த்துக்கு. நீளமான லைனில் நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையே 3 வோல்ட் இருந்து, மண்வழித் தடை 50 ஓம் என்றால், 60 மில்லி அம்பியர். போதாதா?

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: உங்கள் வீட்டில் ஒன்றுமே ஓடாவிட்டாலும், அதே லைனில் பக்கத்து வீட்டில் அயன் போட்டால் பொது நியூட்ரலின் வோல்ட் ஏறி உங்கள் சுவிட்ச் விழலாம். சித்திரை வெயிலில் செம்மண் காய்ந்து தடை கூடும்போது ஒளிந்திருந்த பழுது, கார்த்திகை மழையில் வெளியே வரும். பேய் வேலை என்று சிலர் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

இரட்டை முனை பிரேக்கர் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும். விலை கொஞ்சம் கூட. ஈரம் படும் இடங்களுக்காவது போடுங்கள் என்பேன். இப்படி வீட்டுக்குத் தனி எர்த் உள்ள இடத்தில், மூன்று பேஸ் மெயினுக்கும் ஜெனரேட்டர் மாற்று ஆளிக்கும் மூன்று லைவோடு நியூட்ரலையும் வெட்டும் நான்கு முனை நல்லது. அதில் நியூட்ரல் கடைசியாகத்தான் பிரிய வேண்டும். முந்திப் பிரிந்தால் 230 வோல்ட் சாமான்களில் 400 வரை ஏறலாம். நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வரும் முறையில் மட்டும் அந்தக் கம்பியை வெட்டவே கூடாது. அங்கே மூன்று முனைதான்.

வாசகியின் எலக்ட்ரீசியன் மெயினை நிற்பாட்டி, சமையலறை நியூட்ரலை, போர்ட்டில் நியூட்ரல்களெல்லாம் சேரும் பாரிலிருந்து கழற்றிவிட்டு மோட்டரைப் போட்டுப் பார்க்கட்டும். விழாவிட்டால், முதலில் சிங்குக்குப் பக்கத்து பிளக் பேஸைத் திறக்கலாம்.